முன்னூறு வாட்ஸ் யானை

பேச்சியம்மாக்கா நாற்பது வருடத்துக்கு மேல் இருந்த வளவைப் பூட்டிவிட்டு வவுனியாவிலுள்ள மகன் வீட்டுக்குப் போக மூட்டை கட்டியதற்கு முழுக் காரணமும் நான்தான். ஊர் அப்போது யானையைத்தான் குற்றம் சொன்னது. யானைக்காகப் பேச ஆளில்லாதபடியால் நானும் சேர்ந்துகொண்டு சொன்னேன். அந்தக் கதைக்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. எப்படிப்பட்ட ஆள் இப்படி ஒரு வேலையைச் செய்வான் என்று உங்களுக்கு விளங்கவேண்டும், அவ்வளவுதான்.

பெயர் பரமேஸ்வரன். வயது ஐம்பத்தொன்று. ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் கிறவல் வீதியில், காட்டோடு முடிகிற கடைசி வீடுகளில் ஒன்று என்னுடையது. குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பா வெட்டித் திருத்திய மூன்று ஏக்கர் வயலைச் செய்கிறேன். எங்கள் பக்கத்து விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குச் செயலாளரும் நான்தான். கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும்போது ஒருவன் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பானே, அவன். இதற்கெல்லாம் மேலே நான் ஒரு கலைஞன். பதினெட்டு வருடமாகப் புளியங்குளத்து இசைக்குழு ஒன்றில் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன்.

பேஸ் கிற்றார் என்பது நாலு தடித்த கம்பி பூட்டிய கிற்றார். பாட்டுக்கு அடியில் டும் டும் என்று போய்க்கொண்டிருக்கும் சத்தம் அதுதான். பாடகரை எல்லோருக்கும் தெரியும். கீபோர்ட்காரனைக் குமர்ப்பிள்ளைகளுக்குத் தெரியும். பேஸ் வாசிப்பவனை அவனுடைய மனைவிக்குத்தான் தெரியும், அதுவும் மேடையில் அவன் எங்கே நிற்கிறான் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால். ஒருமுறை நெடுங்கேணியில் ஒரு கோயில் திருவிழாவில் மூன்று பாட்டு முழுக்க என் வயர் கழன்று கிடந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த ஒருவரில் நானும் அடக்கம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த கலை வாழ்க்கையில் கிருசாந்தன் மண்ணள்ளிப் போட்டான். அவன்தான் இப்போது குழுவை நடத்துகிறான். கீபோர்ட் வாசிப்பான், வயது இருபத்தெட்டு. போன வருடம் வரைக்கும் என்னை 'அண்ணை' என்றவன் இந்த வருடம் 'அங்கிள்' என்று மாற்றிக்கொண்டான். அதிலேயே நான் உசாராகியிருக்க வேண்டும்.

"அங்கிள், இந்த முறை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பதினொரு புதுப் பாட்டு. வீட்டில இருந்து வாசிச்சுப் பழகுங்கோ. நீளமா இழுத்து வாசிக்கிற இடமெல்லாம் உங்களுக்கு நடுங்குது" என்றான். பிறகு, மாங்குளத்தில் ஒரு பெடியன் நன்றாக வாசிக்கிறான் என்று காற்றோடு சொன்னதுபோலச் சொன்னான்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றே வீட்டில் பழகுவதென்று முடிவெடுத்தேன். பதினெட்டு வருடத்தில் வீட்டில் வாசித்ததே கிடையாது. மேடையில் அம்ப், அதுதான் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி, வாடகைக்கு வரும், வாசித்துவிட்டு வந்துவிடுவேன். வீட்டில் அதற்கு இடமுமில்லை, அனுமதியுமில்லை. மகள் யதுர்ஷிகா உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மனைவி விமலேஸ்வரி அந்த நாட்களில் குசினியில் கரண்டி விழுந்தாலும் கரண்டியை ஏசுவா.

கிருசாந்தன் இரவல் தந்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு முதலில் பழகினேன். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு மாடு வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, விதைப்புக்கு முளைகட்டி வைத்த நெல்லில் அரைவாசியைத் தின்றுவிட்டது. நான் நாலு முழம் தள்ளி இருந்து கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தேன். விமலா கூப்பிட்டது, மாட்டை அடித்தது, என்னைத் திட்டியது ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது ஈர்க்குமாறு என் முன்னால் நின்றது.

"காதைப் பொத்திக்கொண்டிருக்கிற மனுசன் எனக்குத் தேவையில்லை. வாசிக்கிறதெண்டா வெளியில சத்தம் வரத்தக்கதா வாசியுங்கோ. ஆனா பிள்ளையைக் குழப்பக்கூடாது. படலைக்கு அங்கால ஒருத்தருக்கும் கேக்கவும் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னா.

சத்தம் வரவேண்டும், கேட்கவும் கூடாது. இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் நான் மூன்று கிழமை போனில் வீடியோ பார்த்தேன். வெள்ளைக்கார மனிதர்கள் தாடியைத் தடவிக்கொண்டு அம்ப்களைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு விளங்கிய ஆங்கிலத்தில் நான் எடுத்துக்கொண்டது இது: சின்ன அம்பைச் சத்தம் குறைத்து வைத்தால் அடிச்சத்தம் செத்துப்போகும், தகரத்தில் தட்டுவதுபோலிருக்கும். சக்தி கூடிய பெரிய அம்பை மெதுவாக வைத்தால் அடிச்சத்தம் நிறைவாக, பட்டுப்போல வரும். ஆகவே வீட்டில் மெதுவாகப் பழகுகிறவனுக்குத்தான் மிகப் பெரிய அம்ப் தேவை. கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருந்தது! வீட்டுத்தோட்டத்தில் நாலு கத்தரி நட உழவு மெசின் வாங்குகிறவனும் இதே நியாயத்தைத்தான் சொல்லுவான்.

வவுனியாவில் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார். இருபது வாட்ஸ். "வீட்டில வாசிக்கிறதுக்கோ அண்ணை? இது காணும்" என்றார். நான் சிரித்தேன். விசயம் தெரியாதவர்களைப் பார்த்து விசயம் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. பிறகு அவருக்கே ஒரு பாடம் எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சின்னப் பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, விற்காமல் மூலையில் கிடந்த முன்னூறு வாட்ஸ் பெட்டியைத் துணியால் துடைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பதினைந்து அங்குல ஸ்பீக்கர். இடுப்பு உயரம். முல்லைத்தீவு பஸ்ஸில் அதற்கு ஒரு சீற் தேவைப்பட்டது, நான் நின்றுகொண்டு வந்தேன். ஏறியவர்கள் எல்லோரும் எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார்கள். வீட்டுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கோயிலைச் சொன்னேன்.

பெட்டியை நெல் மூட்டை அடுக்கும் அறையில், வெறும் சீமெந்து நிலத்தில் வைத்தேன். முன்பக்கச் சுவர் முழுக்க மூட்டை, சத்தத்தை அது குடித்துவிடும். பின்பக்க ஜன்னலைக் காற்றுக்காகத் திறந்துவிட்டேன். குமிழை ஒன்றில் வைத்தேன். விமலா படலைக்கு வெளியே போய் நின்று, "ஒண்டும் கேக்கேல்லை" என்றா. யதுர்ஷிகா தன் அறையிலிருந்து, "பரவாயில்லை அப்பா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னேரம் ஆறு மணியிலிருந்து முக்கால் மணித்தியாலம், கிருசாந்தன் சொன்னபடி தடித்த கம்பியைத் தட்டி நீளமாக இழுத்து இழுத்துப் பழகினேன். ம்ம்ம்ம் என்று பட்டுப்போலத்தான் வந்தது.

பின்பக்கம் போய் நின்று கேட்டுப்பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தீர்ப்பில் படலை என்றுதானே இருந்தது.

பின்பக்கத்தில்தான் பேச்சியம்மாக்காவின் கச்சான் கடலைத் தோட்டமும் வீடும். மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தோடு தாய் தகப்பனுடன் இங்கே வந்தவர். கணவர் போய்ச் சேர்ந்து பத்து வருடம். நாலு வருடத்துக்கு முன் ஒரு யானை வந்து அவருடைய குசினிச் சுவரை இடித்து, அரிசியைத் தின்றுவிட்டுப் போனது. அடுத்த அறையில் விடியும்வரை கட்டிலுக்கடியில் கிடந்தவர், மறுகிழமை தானே கல் அரிந்து சுவரைத் திரும்பக் கட்டினார். மகன் வவுனியாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறபோதெல்லாம், "அங்க போனா மருமக வீட்டுல நான் கதிரைக்குப் பக்கத்துல இன்னொரு கதிரை. இங்க நான் பேச்சியம்மா" என்பார்.

நான் பழகத் தொடங்கிய இரண்டாம் நாள் பின்பக்கத்தில், யானையை விரட்டக் கொளுத்துகிற யானை வெடி வெடித்தது. கிற்றாரைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் முற்றத்தில் நெருப்புக்கொள்ளியோடு நின்றார்.

"வந்துருச்சு தம்பி. உங்க வீட்டுக்குப் பின்னால நின்னு உறுமுச்சு, நல்லா கேட்டுச்சு. நீங்க வந்தீங்க, அப்படியே நின்னுபோச்சு" என்றார்.

என்னைக் கண்டு யானை அடங்கிவிட்டதில் எனக்கு உள்ளூரச் சந்தோசம்.

அதன்பிறகு தினமும் ஆறு மணிக்கு யானை வந்தது, அதாவது உறுமியது. பின்பக்கத்து நாலைந்து வீட்டுக்காரரும் கேட்டார்கள். நான் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. செயலாளர் என்ற முறையில் மனு எழுதினேன். 'தினமும் மாலை ஆறு மணியளவில் காட்டு யானையொன்று எமது குடிமனைகளை அண்மித்து' என்று தொடங்கி இரண்டு பக்கம், நாற்பத்துமூன்று கையெழுத்து. என் வாழ்நாளில் இவ்வளவு உருக்கமாக ஒன்றும் எழுதியதில்லை. வனசீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து காட்டோரம் முழுக்க நடந்து பார்த்தார். கால் அடையாளமில்லை, லத்தி இல்லை, முறிந்த கொப்பு ஒன்றுமில்லை. "யானை வந்ததாத் தெரியேல்லையே" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நாற்பத்துமூன்று பேரும் பொய்யோ?" என்று ஊரே பார்க்க அவரோடு சண்டை பிடித்தேன். அவர் பாவம், ஒரு பெட்டி யானை வெடியைத் தந்துவிட்டுப் போனார். அதை வீட்டுக்கு மூன்றாகப் பங்கிட்டதும் நான்தான்.

பின்னேரக் காவலுக்கு முறை போட்டோம். என் முறை செவ்வாய்க்கிழமை. நான் குளக்கட்டில் நின்ற செவ்வாய்களில் யானை வரவில்லை. செயலாளர் ராசியான ஆள் என்று கதை பரவியது, மற்ற நாட்களிலும் நிற்கச்சொல்லிக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமைகளிலும் வரவில்லை. "வெள்ளிக்கிழமை அது வராது. பிள்ளையாரோட நாளுல்ல" என்றார் பேச்சியம்மாக்கா. அந்த வெள்ளி இரண்டு பேர் காட்டோரத்தில் தேங்காய் உடைத்தார்கள். நானும் வழக்கமான வெள்ளிகளைப் போலப் பின்னேரம் குடும்பத்தோடு பிள்ளையார் கோயிலுக்குப் போய், யானையை நல்ல வழிக்குத் திருப்பும்படி கும்பிட்டேன்.

யதுர்ஷிகாதான் ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, செவ்வாயும் வெள்ளியும்தானே யானை வாறேல்ல?"

"ஓம். செவ்வாய் என்ர ராசி. வெள்ளி பிள்ளையார்."

"அந்த ரெண்டு நாளும் நீங்கள் வாசிக்கிறதும் இல்லை."

அவள் போனை எடுத்துக்கொண்டு பின்வேலிக்குப் போனாள். ஆறு மணிக்கு முதல் இழுப்பை இழுத்தேன். ம்ம்ம்ம். போன் அடித்தது.

"அப்பா, யானை வந்திட்டுது" என்றாள்.

பதினெட்டு வருடம் இந்த வாத்தியத்தை வாசித்தவன் நான். தூரத்துக் கோயில் திருவிழாவில் பாட்டு வந்து சேராது, என் டும் டும் மட்டும்தான் காடு கடந்து வரும் என்று பெருமை பேசியவனும் நான்தான். முன்சுவரில் மூட்டையை அடுக்கிவிட்டு, பின் ஜன்னலைத் திறந்துவைத்து, முன்னூறு வாட்ஸை நேரே அந்த மனிசியின் தோட்டத்துக்குள் விட்டிருக்கிறேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்பத்துமூன்று கையெழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது, அந்த உத்தியோகத்தரின் முகம் வந்தது. ஜன்னலைச் சாத்தி, வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பேசாமலிருந்தேன். யானை தானாகப் போய்விட்டதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சுத்தக் கோழைத்தனம். அதற்கு வேறு பெயரில்லை.

நாலாம் நாள் விமலா வந்து சொன்னா: "பேச்சியம்மாக்கா போறாவாம். நாளைக்குக் காலமை மகன் வாகனம் கொண்டு வாறான். மாட்டையும் குடுத்திட்டா. சத்தம் போடாத யானைதான் பொல்லாததாம், ஒளிச்சு நிக்குதெண்டு பயப்பிடுறா."

உண்மையான யானை சுவரை இடித்தபோதுகூட எழும்பாத மனிசியை நான் ஒரு குமிழை ஒன்றில் வைத்து எழுப்பிவிட்டேன்.

அன்று பின்னேரமே போனேன். வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். யதுர்ஷிகா ரியூசனுக்குப் போயிருந்தாள், ஆகவே விமலாவிடம் கிற்றாரைக் கொடுத்து, பின் ஜன்னலைத் திறந்துவைத்து, "சரியா ஆறு மணிக்கு இந்தத் தடிச்ச கம்பியை ஒருக்கா தட்டும். அவ்வளவுதான்" என்றேன்.

"பதினெட்டு வருசமா இதைத் தொடக்கூட விடேல்லை. இப்ப மட்டும் நான் வேணும்" என்றபடி அதைப் பிள்ளையைப் போல மடியில் வாங்கினா.

பேச்சியம்மாக்காவின் முற்றத்தில் சட்டி பானையெல்லாம் சாக்கில் கட்டிக் கிடந்தது. கோழிகள் கடகத்துக்குள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்ப், ஜன்னல், மனு, செவ்வாய்க்கிழமை ராசி, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"என்னைய இருக்க வைக்கிறதுக்காகச் சொல்றீங்க. நல்ல மனசு தம்பி உங்களுக்கு. ஆனா யானைச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"பொறுங்கோக்கா. ஆறு மணிக்கு விமலா வாசிப்பா. அப்ப தெரியும்."

நின்றோம். ஆறு மணியும் ஆகி, ஒரு நிமிடமும் கழிந்தது. எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. ம்ம்ம்ம். நீளமாக, நிறைவாக.

"அந்தா! கேட்டியளே?" என்று குதித்தேன்.

பேச்சியம்மாக்கா வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் தோள் குலுங்கச் சிரிக்கிறார். "அடப் பாவி மனுசா, இதுக்காடா நான் மாட்டைக் குடுத்தேன்!" என்று முதுகில் ஒன்று போட்டார். சாக்கை அவிழ்த்துக் கேத்திலை எடுத்து அடுப்பில் வைத்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை நெல் இறங்கியது.

பிளேன்டீயைக் கையில் தந்தபோது மறுபடி வந்தது, இன்னும் கிட்டத்தில். ம்ம்ம்ம்ம். "விமலா முதல் நாளே என்னைவிட நல்லா வாசிக்கிறா" என்று சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அப்போது போன் அடித்தது. விமலாதான்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் அங்கால போன உடனயே இஞ்ச கரண்ட் நிண்டுபோச்சு. பெட்டியில லைட்டும் இல்லை, சத்தமும் வருதில்லை. நான் என்ன செய்யிறது?"

நான் போனைக் காதில் பிடித்தபடியே திரும்பினேன். கச்சான் தோட்டத்து வேலிக்கு மேலால் ஒரு நெற்றி தெரிந்தது.

யானை இல்லையென்று நிரூபிக்கப் போகிறவன் யானை வெடி கொண்டு போவானா? செயலாளர் கையில் தேத்தண்ணிக் கோப்பை மட்டும்தான் இருந்தது. பேச்சியம்மாக்கா என்னையும் பார்த்தார், வேலியையும் பார்த்தார். அரிசிப் பெட்டிக்குள் கையை விட்டு, நான் பங்கிட்டுக் கொடுத்த மூன்றில் கடைசியாக மிஞ்சிய வெடியை எடுத்து, அடுப்புக் கொள்ளியில் பற்றவைத்து வீசினார். வேலி முறிந்தது. பெரிய சாம்பல் முதுகு ஒன்று திரும்பிக் காட்டுக்குள் போனது. கோழிகள் கடகத்துக்குள் கத்தின. என் சாரத்தில் முழுத் தேத்தண்ணியும்.

யானைக்குப் பயந்ததைவிட, இன்னும் ஐந்து நிமிடம் அந்த மனிசி என்னை நம்பிச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புத்தான் என்னை உலுக்கியது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோக்கா. நீங்கள் போறதுதான் சரி. சாக்கை நானே கட்டித் தாறன்" என்றேன்.

அவர் அடுப்பருகே குந்தியிருந்து யோசித்தார். "அந்தச் சத்தத்தை வாயால போட்டுக் காட்டுங்க தம்பி, நீங்க தினமும் வாசிக்கிற மாதிரி."

போட்டுக் காட்டினேன். பாதியில் மூச்சு முட்டியது, திரும்பத் தொடங்கினேன்.

"அதேதான்!" என்றார். "இத்தனை நாளா நான் கேட்டது அதான். பாதியில விட்டு, திரும்ப முதல்ல இருந்து புடிச்சு, நடுங்கி நடுங்கி. யானைக்கு வயிறு வலியோன்னு கூட நினைச்சேன். இன்னைக்கு வந்தது ஒரே மூச்சுல முழுசா இழுத்துச்சு. இனிமே எனக்கு வித்தியாசம் தெரியும். தப்பு வந்தா நீங்க. தப்பு வராட்டி யானை."

"அப்ப...?"

"மகனுக்குப் போன் போட்டுக் குடுங்க, வண்டி வேணாம்னு சொல்றேன். நான் பயந்தது யானைக்கா? இல்ல தம்பி. தினமும் வருதே, வந்தும் கண்ணுல படலையேன்னு. இப்பத் தெரிஞ்சுபோச்சு, தினமும் வர்றது நீங்க. எப்பவாவது வர்றதுக்கு வெடி போதும்." கேத்திலைத் திரும்ப அடுப்பில் வைத்தார். "ஒண்ணு மட்டும். நீங்க நல்லா வாசிக்கப் பழகிடாதீங்க. அப்புறம் எனக்குக் குழம்பிப்போகும்."

மறுநாள் மாட்டைத் திரும்பக் கொண்டுவந்து அவருடைய முற்றத்தில் கட்டினேன். கமக்கார அமைப்புக் கூட்டத்தில் உண்மையைச் சொல்ல எழுந்தபோது எல்லோரும் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாக்கா பால் கொடுக்கப் போன வீடெல்லாம் சொல்லியிருந்தார். அந்த உத்தியோகத்தர் வந்து, முறிந்த வேலியையும் கால் அடையாளத்தையும் பார்த்து, அன்று சந்தேகப்பட்டதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என் முகம் போன போக்கைப் பார்க்க விமலா இல்லாதது நல்லதாகப் போய்விட்டது.

பொங்கலன்று கிருசாந்தன் என்னைத்தான் மேடையில் ஏற்றினான். மாங்குளத்துப் பெடியனுக்கு அன்று வேறு கோயிலாம். நாலு பாட்டு பிழையில்லாமல் போனது. ஜனத்துக்கு நடுவே பேச்சியம்மாக்கா கழுத்தை நீட்டி நீட்டி என்னைத் தேடிக்கொண்டிருந்தார். ஐந்தாவது பாட்டில் நீளமாக இழுக்கும் இடத்தில் எனக்கு நடுங்கியது, பாதியில் விட்டுத் திரும்பப் பிடித்தேன். கிருசாந்தன் திரும்பி முறைத்தான். பேச்சியம்மாக்கா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.